வினைல் எழுத்து ஒட்டத் தண்ணீர் தெளிக்க வேண்டுமா?

மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவில் கடைப் பெயரையும் திறந்திருக்கும் நேரத்தையும் வினைல் எழுத்துகளாக வெட்டி வாங்கி நீங்களே ஒட்டியிருக்கிறீர்கள். சில மாதங்களிலேயே ஓரங்கள் எழும்பிவிட்டன, புள்ளிகள் சில உதிர்ந்துவிட்டன. இப்போது புதிதாக வெட்டி வாங்கி வைத்திருக்கும் எழுத்துகளைச் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டச் சொல்கிறார் ஒருவர், தண்ணீரே படக்கூடாது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள், அதோடு உள்ளே இருக்கும் அக்ரிலிக் பலகையிலும் இதே முறையில் ஒட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வி தண்ணீரைப் பற்றியது போலத் தெரிந்தாலும், முதல்முறை ஒட்டியது ஏன் நிற்கவில்லை என்பதுதான் நீங்கள் அறிய விரும்புவது என்று எடுத்துக்கொள்கிறேன். பெயர்ப்பலகையும் வாகன ஸ்டிக்கரும் செய்யும் தொழிலில் பல வருடங்களாக இருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்வதானால், உங்கள் எழுத்துகளை உலர்வாக ஒட்டுவதே சரி, ஆனால் அவை முன்பு எழும்பியதற்குத் தண்ணீர் காரணமாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. கண்ணாடியின் சுத்தம், படலத்தின் தரம், தேய்த்துக் கொடுத்த அழுத்தம் ஆகிய மூன்றில் ஒன்றோ இரண்டோதான் குறைந்திருக்கும்.

இந்தப் பசை எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும். வினைல் படலத்தின் பின்புறம் இருப்பது ஃபெவிகாலைப் போலக் காய்ந்து இறுகும் பசை அன்று. எப்போதும் பிசுபிசுப்பாகவே இருக்கும் அக்ரிலிக் வகைப் பசை, அழுத்தினால்தான் பிடிக்கும். கண்ணாடி நம் கைக்கு வழவழப்பாக இருந்தாலும் பசை அதன்மேல் முழுப்பரப்பிலும் உடனே படிந்துவிடுவதில்லை. முதலில் அங்கங்கே தொட்டுக்கொண்டு நிற்கிறது. அழுத்தம் கொடுக்கக் கொடுக்கவும், நேரம் ஆக ஆகவும் மெதுவாகப் பரவி மேற்பரப்போடு ஒன்றுகிறது. ஒட்டிய முதல் மணி நேரத்தில் நகத்தால் எளிதாகக் கிளப்ப முடிகிற எழுத்து மறுநாள் கிளம்ப மறுப்பது இதனால்தான். பொதுவாக ஒரு நாளில் பெரும்பகுதிப் பிடிப்பும், மூன்று நாளில் ஏறக்குறைய முழுப் பிடிப்பும் வந்துவிடும். ஆகவே பசைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் எது புகுந்தாலும், அது எண்ணெயாக இருந்தாலும் தூசியாக இருந்தாலும் தண்ணீராக இருந்தாலும், அது வெளியேறும்வரை அந்த இடத்தில் ஒட்டுதல் நடக்கவில்லை என்றே பொருள்.

தண்ணீர் தெளிப்பவர்கள் தெரியாமல் அப்படிச் செய்வதில்லை. சில துளி ஷாம்பு கலந்த தண்ணீரைக் கண்ணாடியில் தெளித்துவிட்டு ஒட்டினால் படலம் மிதக்கும். இடம் தவறினால் நகர்த்திக்கொள்ளலாம், பிறகு தண்ணீரைத் தள்ளி வெளியேற்றலாம். கதவு முழுவதற்கும் ஃப்ராஸ்டட் ஷீட், அதாவது பனிபடர்ந்ததுபோல மங்கலாக்கும் படலம், ஒட்டும்போதோ, கையை விரித்தால் எட்டாத அளவுக்குப் பெரிய படத்தை ஒருவரே ஒட்ட நேரும்போதோ நானும் தண்ணீர்தான் தெளிப்பேன். ஆனால் தண்ணீர் பிடிப்பைக் கூட்டுவதில்லை. இடம் பார்த்துக்கொள்ள அவகாசம் தருகிறது, அவ்வளவுதான். அந்த அவகாசத்துக்கு ஒரு விலையும் உண்டு. எழுத்துகள் சிறியவையாக இருந்தால், அவற்றை வரிசை குலையாமல் தாங்கி மேலே ஒட்டியிருக்கும் ட்ரான்ஸ்ஃபர் டேப்பை உரிக்கும்போது எழுத்து கண்ணாடியில் நிற்காமல் டேப்போடு திரும்பி வந்துவிடும், அல்லது வழுக்கி வரிசை கோணலாகும். நீரை அடிப்படையாகக் கொண்ட பசை உள்ள மலிவான படலங்களில் தண்ணீர் புகுந்தால் பசை பால்போல வெளுத்துவிடும். கண்ணாடியின் மறுபக்கத்திலிருந்து பார்க்கும்போது அந்த வெண்மை நன்றாகத் தெரியும். காற்று வெளியேறுவதற்கென்று பசையில் மிக நுண்ணிய வாய்க்கால்கள் அமைத்த படலங்களும் இப்போது கிடைக்கின்றன. அவற்றின் மீது தண்ணீர் தெளிப்பது அந்த வாய்க்கால்களை நிரப்பி அடைப்பதாகும், எனவே அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களே உலர்வாக ஒட்டச் சொல்கின்றன. எங்கள் பக்கத்தில் ஆழ்குழாய்த் தண்ணீரையே தெளிப்பதைப் பார்க்கிறேன்; அதிலுள்ள உப்பு காய்ந்து எழுத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடாக நிற்கும். தெளித்தே ஆகவேண்டுமென்றால் கேன் தண்ணீரைப் பயன்படுத்துங்கள், பாத்திரம் துலக்கும் திரவத்தைவிடக் குழந்தைகளுக்கான ஷாம்பு நல்லது, ஒரு லிட்டருக்குச் சில துளிகளுக்கு மேல் வேண்டாம். நுரை பொங்கினால் சோப்பு அதிகமாகிவிட்டது.

உங்கள் பழைய எழுத்துகளில் ஒன்றிரண்டு இன்னும் கதவில் இருந்தால், அவற்றை உரித்தெறிவதற்கு முன் உற்றுப் பாருங்கள். அவை எதனால் எழும்பின என்பதை அவற்றிலேயே படிக்கலாம். எழுத்தைச் சுற்றிலும் நூல் கனத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால், படலம் சுருங்கிவிட்டது என்று பொருள்: எழுத்து உள்வாங்கிவிட்டது, வெட்டிய அளவில் நின்றிருந்த பசை மட்டும் வெளியே தெரிகிறது, அதில் தெருத்தூசி ஒட்டியிருக்கிறது. இதற்கு ஒட்டியவர் பொறுப்பல்லர், படலம்தான் பொறுப்பு. எழுத்தை உரித்தால் கண்ணாடி பளிச்சென்று இருந்து, பசை முழுவதும் எழுத்தின் பின்புறத்திலேயே இருக்குமானால், கண்ணாடியில் ஏதோ ஒரு பிசுக்கு இருந்திருக்கிறது, அல்லது போதுமான அளவு அழுத்தித் தேய்க்கவில்லை. ஒடுங்கிய வால்களும் கூரான முனைகளும் மட்டும் எழும்பி, எழுத்தின் உடல் உறுதியாக இருந்தால், அது கதவைத் துடைக்கும் துணியின் வேலை. காலையில் கதவு துடைப்பவர் துணியை எழுத்தின் ஓரத்துக்கு எதிராக இழுத்திருப்பார். நீங்கள் படம் எதுவும் இணைக்கவில்லை என்பதால் இம்மூன்றில் எது என்று என்னால் இங்கிருந்து சொல்ல இயலாது, ஆனால் கதவின் முன் நின்றால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

முதல் வகையாக இருந்தால், புதிதாக வாங்கியிருப்பதும் அதே படலம்தானா என்று கடையில் கேளுங்கள். ஸ்டிக்கர் வினைல் என்று விற்கப்படுவது பெரும்பாலும் பிவிசி படலம். அதை உருவாக்கும் முறை இரண்டு. உருக்கிய பிவிசியை உருளைகளுக்கு இடையே விட்டு அழுத்தி இழுத்துத் தகடாக்குவது காலண்டர்ட் முறை. திரவமாக ஒரு தளத்தின்மேல் ஊற்றிச் சூடாக்கிப் படலமாக்குவது காஸ்ட் முறை. இழுத்து உருவாக்கிய படலம் வெயில்படும்போது தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், அதுதான் சுருக்கம்; ஊற்றி உருவாக்கியதில் அந்த இழுவிசை இல்லாததால் சுருக்கமும் மிகக் குறைவு. காலண்டர்ட் படலத்திலேயே மோனோமெரிக், பாலிமெரிக் என்று இரு தரங்கள் உண்டு. பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் முன்னதில் சிறிய மூலக்கூறுகளால் ஆனது, வெப்பத்தில் மெல்ல நகர்ந்து வெளியேறிவிடும், படலம் விறைத்து ஒடியத் தொடங்கும். பின்னதில் நீண்ட சங்கிலிகள் என்பதால் பெரும்பாலும் அங்கேயே தங்கும். மோனோமெரிக்குக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், பாலிமெரிக்குக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள், காஸ்ட்டுக்கு அதற்கும் மேல் என்று தயாரிப்பாளர்கள் ஆயுள் குறிப்பிடுகிறார்கள். ஆனால் இந்தக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ம ஊருக்கு எடுத்துவர வேண்டாம்: ஒராகல் படலங்களைத் தயாரிக்கும் ஜெர்மானிய நிறுவனம் தன் ஆயுள் கணக்கை மத்திய ஐரோப்பியத் தட்பவெப்பத்தில் செங்குத்தாக நிற்கும் பரப்புக்கென்றே சொல்கிறது. மேற்கு பார்த்த கடையில், மாலை வெயில் நேரே அடிக்கும் கதவில் அதைவிடக் குறையும் என்பது உறுதி; எவ்வளவு குறையும் என்பது நிறம், திசை, மேலே நிழற்கூரை இருக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்தது, யாராவது திட்டவட்டமாக ஓர் எண்ணைச் சொன்னால் அதைச் சந்தேகத்தோடு கேளுங்கள். அதே நிறுவனத்தின் 651, 631 என்னும் இரண்டு வரிசைகளும் இங்கே புழக்கத்தில் உள்ளன. 651 நிரந்தரப் பிடிப்புக்கான பசை உடையது, 631 கண்காட்சி அரங்கு போன்ற இடங்களில் ஒட்டிப் பிறகு உரிப்பதற்கானது. பளபளப்பு இல்லாமல் அழகாக இருக்கிறதே என்று 631-ஐத் தேர்ந்தெடுத்து வெளிக்கதவில் ஒட்டிவிட்டு, பிடிக்கவில்லை என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. கடைக்காரர் எந்த ரோலிலிருந்து வெட்டினார் என்று கேட்பதில் தவறேதும் இல்லை, அவர் சொல்லத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

அடுத்தது சுத்தம், என் அனுபவத்தில் பெரும்பாலான தோல்விகள் இங்கேதான் தொடங்குகின்றன. பழைய எழுத்துகளை ஹேர் ட்ரையரால் மிதமாகச் சூடாக்கி, நேரே இழுக்காமல் கண்ணாடியை ஒட்டிப் படுத்தவாறு மெல்ல உரித்தால் பசையும் பெரும்பாலும் சேர்ந்து வரும். மீந்த பசையை நீலகிரித் தைலமோ மண்ணெண்ணெயோ தடவி ஊறவிட்டுத் துடைக்கலாம், ஆனால் அவை இரண்டுமே எண்ணெய்ப் பிசுக்கை விட்டுச் செல்லும் என்பதால் அதன் பிறகு சோப்புத் தண்ணீரால் கண்ணாடியை நன்றாகக் கழுவியே ஆகவேண்டும். கழுவிக் காய்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை, அதாவது கடைகளில் ஐபிஏ என்று கிடைப்பதை, எழுபது பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பஞ்சு உதிராத துணியில் நனைத்துத் துடையுங்கள்; அது தானாக ஆவியாகும்வரை காத்திராமல் உடனே வேறொரு காய்ந்த துணியால் துடைத்தெடுங்கள். தானாகக் காயவிட்டால், கரைந்த பிசுக்கு அங்கேயே மறுபடி படிந்துவிடும். நீங்கள் மருந்துக்கடை வைத்திருப்பதால் இதைக் குறிப்பாகச் சொல்லவேண்டும்: அலமாரியில் இருக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை எடுத்துத் துடைத்துவிடாதீர்கள், சில தயாரிப்புகளில் சருமம் வறளாமல் இருக்க விளக்கெண்ணெய் சேர்க்கப்பட்டிருக்கும், லேபிளைப் பார்த்தால் தெரியும். கைக்கழுவும் சானிடைசரும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கலவையிலேயே 1.45 சதவீதம் கிளிசரால் இருக்கிறது. கண்ணாடி துடைக்கும் நீலத் திரவங்களில் சில பளபளப்புக்காக ஏதாவது ஒன்றை விட்டுச்செல்பவை, ஆகவே கடைசித் துடைப்பாக அவற்றைப் பயன்படுத்த வேண்டாம்.

கடைக் கதவுகளுக்கே உரிய அழுக்குகள் சில உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் வைக்கும் சந்தனம் குங்குமம் ஒன்று; தினமும் போடும் சாம்பிராணி, ஊதுவத்தி ஆகியவற்றின் புகையும் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். விரலை வைத்து இழுத்தால் கோடு விழுகிறதா என்று பார்த்தால் போதும். இதைவிட மோசமானது சிலிக்கான் சீலன்ட். புதிய கண்ணாடிக் கதவு பொருத்தும்போது ஓரங்களில் அடிக்கும் சீலன்ட்டைத் தொழிலாளர்கள் விரலால் வழித்துவிட்டு, அதே கையைக் கண்ணாடியில் வைத்திருப்பார்கள். அந்தக் கைரேகை சோப்புக்கும் ஸ்பிரிட்டுக்கும் போகாது, அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது. கண்ணாடியின் மீது வாயால் ஊதினால் ஆவி படிவது அந்த இடத்தில் மட்டும் வேறுவிதமாகத் தெரியும். அங்கே சோப்புத் தண்ணீர் தடவி, புதிய பிளேடைச் சாய்வாக வைத்து ஒரே திசையில் சுரண்டவேண்டும், முன்னும் பின்னுமாக இழுத்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

எழுத்தை வெளிப்பக்கம் ஒட்டுவதா, உள்பக்கம் ஒட்டுவதா என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது. கதவுக் கண்ணாடி சாயமில்லாமல் தெளிவானதாக இருந்தால், எழுத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பி வெட்டி உள்பக்கம் ஒட்டலாம். மழை, தூசி, துடைக்கும் துணி எதுவும் அதைத் தொடாது. கறுப்புச் சாயக் கண்ணாடியோ எதிரொளிக்கும் கண்ணாடியோ என்றால் இது பயன்படாது, பகலில் தெருவிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. உங்களிடம் இருப்பது ஏற்கெனவே நேராக வெட்டியது என்பதால் வெளியே ஒட்டுவதாகவே வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன். ஒட்டும் நேரத்தைக் காலை வெயில் ஏறுமுன்னோ, மாலை வெயில் இறங்கிக் கண்ணாடி ஆறிய பின்னோ வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் வெப்பத்தைவிடக் கண்ணாடியின் வெப்பமே கணக்கு; புறங்கையை வைத்துப் பார்த்துச் சுடுகிறது என்று தோன்றினால் பொறுத்திருங்கள், ஏனெனில் சூடான பரப்பில் பசை தொட்ட இடத்தில் தொட்டபடி பிடித்துக்கொண்டு திருத்த விடாது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மார்கழிக் காலையில் ஒட்டுவதென்றால் சிக்கல் தலைகீழாகிவிடும்: பசை விறைத்துப்போய்ப் பிடிக்காது, அங்கே நண்பகல்தான் நல்ல நேரம். உள்ளே ஏசி ஓடினால் ஒட்டத் தொடங்குவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஏசி அறையின் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்த்துவிடும், அந்த ஈரம் நீங்கள் தெளிக்காமலே தெளித்த தண்ணீராகிவிடும்.

இனி எழுத்துகளுக்கு வருவோம். வெட்டிய எழுத்துகளின் மேல் ஒட்டியிருக்கும் ட்ரான்ஸ்ஃபர் டேப்தான் அவற்றை வரிசை குலையாமல் கண்ணாடிக்கு எடுத்துச் செல்கிறது. தமிழ் எழுத்துகளில் இங்கே ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது: புள்ளி எதனோடும் ஒட்டாமல் தனியாக நிற்கும் ஒரு சின்ன வட்டு. மருந்தகம் என்ற சொல்லில் இரண்டு, ஸ்டோர்ஸ் என்பதில் மூன்று. ஆங்கிலத்தில் பெயர் எழுதினால் ஐ, ஜே என்னும் இரண்டு எழுத்துக்கு மட்டுமே வரும் தொல்லை நமக்கு ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் வருகிறது. பரப்பு சிறியதாக இருப்பதால் புள்ளியை டேப்பும் சரியாகப் பிடிக்காது, கண்ணாடியும் சரியாகப் பிடிக்காது. அரை சென்டிமீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ள புள்ளி வெளிக்கதவில் நெடுநாள் நிற்காது என்பது என் கணிப்பு. கணினியில் எழுத்துருவை அப்படியே வைத்து வெட்டாமல் புள்ளியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கித் தரும்படி கேட்டால் நல்ல கட்டிங் கடைக்காரர் செய்து கொடுப்பார். இகர ஈகாரக் குறிகளின் மெல்லிய கோடுகளுக்கும் இது பொருந்தும், எழுத்துரு தேர்ந்தெடுக்கும்போதே தடித்ததாகத் தேர்ந்தெடுப்பது மேல்.

ஒட்டுவதற்கு முன் எழுத்துத் தாளை மேசையில் வைத்து டேப்பின்மேல் ஸ்குயீஜியால், அதாவது படலத்தைத் தேய்க்கும் தட்டையான தகட்டால், நன்றாகத் தேயுங்கள், பிறகு குப்புறத் திருப்பிப் பின்தாளின்மேலும் ஒருமுறை தேயுங்கள். கதவில் அளவு குறித்து, முழுத்தாளையும் பின்தாளோடு அப்படியே வைத்து மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாக நிறுத்தி, தெருவுக்குப் போய் நின்று பாருங்கள். ரசமட்டம் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் கதவுச் சட்டமே சற்றுச் சாய்ந்திருந்தால் ரசமட்டத்தை விட்டுவிட்டுச் சட்டத்துக்கு இணையாக ஒட்டுங்கள். பார்ப்பவர் கண் சட்டத்தைத்தான் துணைக்கு வைத்துக்கொள்ளும். அடிக்கோட்டைக் கு, ழு, ஞ போன்று கீழிறங்கும் எழுத்துகளை வைத்துக் கணக்கிடாமல் ட, ம, ப போன்றவற்றின் அடியை வைத்துக் கணக்கிட வேண்டும். இடம் சரி என்று ஆனதும், தாளின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மாஸ்கிங் டேப்பை இழுத்து இருபுறமும் கண்ணாடியில் பிடிக்கும்படி ஒட்டுங்கள். இதுதான் கீல். இப்போது வலது பாதியைக் கதவுபோலத் திருப்பி, பின்தாளை நடுக்கோடு வரை உரித்து, கத்தரியால் வெட்டி எடுத்துவிடுங்கள். உரிக்கும்போது டேப்பைத் தாளிலிருந்து தூக்கக்கூடாது, டேப்பை நேராகப் பிடித்துக்கொண்டு தாளைத்தான் மடித்துப் பின்னால் இழுக்கவேண்டும். புள்ளி ஏதாவது தாளோடு போகப் பார்த்தால் தாளைத் திரும்பப் படியவைத்து அந்த இடத்தை மறுபடி தேய்த்துவிட்டு இழுங்கள். இந்த ஒரு பழக்கத்திலேயே பாதிப் புள்ளிகள் தப்பித்துவிடும்.

உரித்த பாதியை விரைப்பாகப் பிடித்து, கண்ணாடியைத் தொடாமல் தூக்கிவைத்து, நடுக்கோட்டிலிருந்து வெளிநோக்கி ஸ்குயீஜியால் தேய்த்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பின்மேல் பாதியளவு ஏறியிருக்கவேண்டும். இடைவெளி விட்டால் அந்த இடத்தில் காற்று சிக்கும். ஸ்குயீஜி இல்லையென்றால் காலாவதியான ஏடிஎம் கார்டின் ஓரத்தில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொள்ளலாம், விரலால் தடவுவது மட்டும் போதாது, விரல் நுனிக்கு அவ்வளவு அழுத்தம் வராது. வலது பாதி முடிந்ததும் நடுவில் ஒட்டிய கீலை எடுத்துவிட்டு இடது பாதியையும் அப்படியே செய்யுங்கள், பிறகு முழுவதையும் இன்னொருமுறை பலமாகத் தேயுங்கள். சில நிமிடங்கள் விட்டு ட்ரான்ஸ்ஃபர் டேப்பை உரிக்கலாம். அதையும் நேரே உங்களை நோக்கி இழுக்காமல், நூற்றெண்பது பாகை திருப்பி, கண்ணாடியோடு ஒட்டிப் படுத்தவாறு மெல்ல இழுக்கவேண்டும். காகித டேப்பாக இருந்து எழுத்தோடு சேர்ந்து வரப்பார்த்தால், அதன் மேற்பரப்பில் மட்டும் தண்ணீரைத் தடவிச் சிறிது ஊறவிட்டால் பிடி தளரும். எழுத்து ஒட்டும் வேலையில் தண்ணீருக்கு நான் இடம் கொடுக்கும் ஒரே கட்டம் இது. டேப் போனபின் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்தையும் புள்ளிகளையும் துணி சுற்றிய ஸ்குயீஜியால் தனித்தனியாக இன்னொரு தடவை அழுத்திவிடுங்கள். பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை. டேப் மேலிருக்கும்போது அதன் கனம் ஓரங்களில் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்வதால், ஓரம் முழுமையாகப் படிவது இந்தக் கடைசித் தேய்ப்பில்தான்.

கொப்புளம் வந்தால் பதற வேண்டாம். கடுகளவு கொப்புளங்கள் வெயிலில் சில வாரங்களில் தாமாக மறைந்துவிடும் என்பது தொழிலில் பரவலாகச் சொல்லப்படுவது; மெல்லிய படலங்களில் பலமுறை அப்படி மறைந்ததைப் பார்த்திருக்கிறேன், தடித்தவற்றில் மறையாமலே நின்றதையும் பார்த்திருக்கிறேன், ஆகவே அதை ஓர் உறுதியாக உங்களுக்குத் தரமாட்டேன். மிளகளவுக்கு மேல் இருந்தால் குண்டூசியின் நுனியால் கொப்புளத்தின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து ஓட்டையை நோக்கிக் காற்றைத் தள்ளுங்கள். பிளேடால் கீறினால் அந்தக் கீறல் பின்னால் விரிந்து வாய்பிளக்கும்.

அக்ரிலிக் பலகைக்கு இதே கீல் முறை பொருந்தும், ஆனால் இரண்டு வேறுபாடுகள் உண்டு. ஒன்று, தின்னர், அசிட்டோன் எதையும் அதன் அருகில் கொண்டுபோகக்கூடாது, பரப்பு கரைந்து மங்கிவிடும். ஐபிஏகூட வெட்டிய ஓரங்களில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கலாம் என்பதால் அக்ரிலிக்கை மென்மையான சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவைப்பதோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது. மற்றொன்று, அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்து சூடாகும்போது வெளியே விடும். ஒட்டிய அன்று கண்ணாடிபோல இருந்த எழுத்தில் ஒரு வாரம் கழித்து நிறையப் பொடிக் கொப்புளங்கள் வருமானால், அது உங்கள் கை வேலையின் குறை அன்று, பலகை மூச்சுவிடுகிறது. பாலிகார்பனேட்டில் இது அதிகம், அக்ரிலிக்கில் குறைவு. பலகை உள்ளே, வெயில்படாத இடத்தில் இருக்கிறது என்றால் பெரும்பாலும் பிரச்சினை வராது. பாதுகாப்புத் தாளை இப்போதுதான் உரித்த புதுப் பலகை என்றால் இரண்டு மூன்று நாள் திறந்து வைத்திருந்துவிட்டு ஒட்டுங்கள். பின்னால் விளக்கு எரியும் பலகையானால் ஓர் ஓரத்தில் சிறு துண்டு வினைலை ஒட்டி, விளக்கை ஒரு நாள் முழுக்க எரியவிட்டுப் பார்த்துவிட்டு மீதியைத் தொடங்கலாம்.

பிளாஸ்டிக் வாளி, தண்ணீர்த் தொட்டி, சில மருந்துப் பெட்டிகள் போன்றவை பாலிஎத்திலீனாலோ பாலிபுரொப்பிலீனாலோ ஆனவை. அவற்றின் மேற்பரப்பு ஆற்றல் மிகக் குறைவு, சாதாரண வினைல் பசை அவற்றின்மேல் பரவவே செய்யாது. அவற்றில் ஒட்டும் எண்ணம் இருந்தால் அதற்கென்றே உள்ள வலுவான பசைப் படலத்தைக் கேட்டு வாங்கவேண்டும், எத்தனை முறை துடைத்தாலும் பயனில்லை.

ஒட்டி முடித்த மூன்று நாளுக்குக் கதவை எழுத்திருக்கும் இடத்தில் துடைக்கச் சொல்லாதீர்கள். அதன் பிறகும் துணியை எழுத்தின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கியே இழுக்கவேண்டும் என்று கதவு துடைப்பவரிடம் ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள். உங்கள் கடைப் பெயரை வெட்டிய ஷீட்டில் ஓரங்களில் எப்படியும் வீணாகும் இடம் இருக்கும். அடுத்தமுறை வெட்டும்போது அந்த இடத்தில் அதே அளவில் பத்துப் பதினைந்து புள்ளிகளையும், எழும்பிய வரலாறு உள்ள எழுத்துகளில் ஒன்றிரண்டையும் கூடுதலாக வெட்டித் தரச்சொன்னால் பெரும்பாலான கடைகளில் அதற்குத் தனியாகக் காசு கேட்க மாட்டார்கள். அவற்றைப் பின்தாளோடு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ஈரம் படாமல், மடங்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.